தற்செயல் கதையின் பலவீனமா? ஜிம் ஜார்முஷின் இரு திரைப்படங்களை முன்வைத்து



இந்தத் தொடரில் இதுவரை பெரும்பாலும் சிறுகதை, நாவல், கவிதை ஆகியவை பற்றியே பேசிவந்தேன். இன்று திரைப்படம் பற்றிப் பேச விரும்புகிறேன். ஆயினும் இலக்கியத்தை விட்டு வெகுதூரம் போய்விடப் போவதில்லை. கதை கட்டுவதில் எழுதுபவர்கள் எல்லோரும் எதிர்நோக்கும் ஒரு பிரச்சினையை விளங்கிக்கொள்வதற்கு இரண்டு படங்கள் எனக்கு உதவின. அந்தப் பிரச்சினை இதுதான்: தற்செயலாக நிகழ்பவற்றை ஒரு கதையில் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம்? அதிர்ஷ்டம் வந்து கதையைத் திருப்பிவிடுமானால் அது எழுத்தாளனின் இயலாமையா?

இதில் எனக்கு ஒரு சொந்தக் கடனும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னர் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். வந்த கதைகளில் ஒன்று இளைஞர் ஒருவர் எழுதியது. கணவனை இழந்த ஒரு பெண், மகனின் படிப்புக்குக் கட்டவேண்டிய பணத்தைப் பஸ்ஸில் தொலைத்துவிடுகிறாள். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் ஊரையும் பெயரையும் விசாரிக்கிறார். "உமது கணவரிடம் முன்பொரு காலத்தில் கடன் வாங்கியிருந்தேன், திருப்பிக் கொடுக்கக் கிடைக்கவில்லை" என்று சொல்லிப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். தொலைந்த தொகையும் அதுவும் ஏறத்தாழ ஒன்று. கதை அத்துடன் முடிகிறது. நான் அதன் ஓரத்தில், "தற்செயல் மிகுதி. நம்பமுடியவில்லை" என்று எழுதினேன். கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த இளைஞர் என் வீடு தேடி வந்தார். "ஐயா, அது நடந்த கதை. அந்தப் பெண் என்ர அம்மா" என்றார். நான் விமர்சகர்கள் வழமையாகச் சொல்வதையே சொன்னேன். "தம்பி, நடந்தது என்பதற்காக அது கதை ஆகிவிடாது." அவர் இன்னும் ஏதோ சொன்னார். பிறகு போய்விட்டார். அவர் சொன்னது என்ன என்பதை இந்தப் பேச்சின் முடிவில் கூறுகிறேன். அவருடைய பெயரில் வேறு எந்தக் கதையையும் பின்னர் நான் எங்கும் காணவில்லை.

விமர்சகர்களின் விதி

நான் சொன்னது பிழையான விதி அல்ல. அதற்குப் பழைய ஆதாரம் உண்டு. அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில், கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழவேண்டும் என்றும், மேடைக்கு மேலிருந்து பொறியின் மூலம் தேவர் இறங்கிவந்து தீர்த்துவைக்கக்கூடாது என்றும் கூறுகிறார். நடக்கக்கூடியதாக இருந்தும் நம்பமுடியாத ஒன்றைக் காட்டிலும், நடக்கவே முடியாததாக இருந்தும் நம்பும்படியான ஒன்றே கதைக்கு ஏற்றது என்பதும் அவர் கருத்து.

ஆனால் அதே நூலில் இன்னொரு உதாரணமும் வருகிறது. ஆர்கோஸ் நகரில் மிதிஸ் என்பவனின் சிலை ஒன்று இருந்தது. அவனைக் கொன்றவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிலை அவன்மீது விழுந்து அவனைக் கொன்றுவிட்டது. இது தற்செயல்தான். எனினும் ஏதோ ஒரு நோக்கத்துடன் நடந்ததுபோலத் தோன்றுவதால் அது நம்மை வியக்கவைக்கிறது என்று அரிஸ்டோட்டில் ஒப்புக்கொள்கிறார். ஆகவே தற்செயல் எல்லாம் குறை என்று அந்த முதல் விமர்சகரே சொல்லவில்லை.

நமது சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். மதுரையில் எத்தனையோ பொற்கொல்லர் இருக்க, அரசியின் சிலம்பைத் திருடிய அதே கொல்லனிடம் கோவலன் போய்ச் சேருகிறான். இதைவிடப் பெரிய தற்செயல் எது? இளங்கோவடிகள் அதை ஊழ்வினை என்ற பெயரில் காவியத்தின் அத்திவாரமாகவே வைத்துவிடுகிறார். அந்தத் தற்செயல் எந்தப் பிரச்சினையையும் தீர்க்கவில்லை, பெருந்துயரத்தைத் தொடக்கிவைக்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படங்களுக்கு வருவோம்.

மிச்சப் பிலிமில் பிறந்த படம்

ஜிம் ஜார்முஷ் அமெரிக்காவின் சுயாதீனத் திரைப்பட நெறியாளர்களுள் முக்கியமானவர். 1953இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்றவர். பின்னர் நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்றார். சுயாதீனத் திரைப்படம் என்றால், ஹொலிவூட்டின் பெரிய நிறுவனங்களின் பணமும் அதிகாரமும் இன்றி, நெறியாளர் தாமே திரட்டிய சிறு தொகையில் தமது விருப்பப்படி எடுக்கும் படம் என்று சுருக்கமாகக் கூறலாம்.

இவருடைய 'ஸ்ட்ரேஞ்சர் தான் பரடைஸ்' 1984இல் வெளியானது. 'சொர்க்கத்தைவிட விசித்திரமானது' என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு இலட்சம் டொலரைச் சற்றுத் தாண்டிய செலவில் எடுக்கப்பட்டது. அமெரிக்கப் படங்களின் கணக்கில் இது மிகச் சிறு தொகை.

படம் உருவானதே ஓர் அதிர்ஷ்டத்தால்தான். ஜேர்மானிய நெறியாளர் விம் வென்டர்ஸ் 'த ஸ்டேட் ஒவ் திங்ஸ்' என்ற தமது படத்தை முடித்தபோது கொஞ்சம் பிலிம் பாவிக்கப்படாமல் மிஞ்சியிருந்தது. அதை அவர் ஜார்முஷுக்குக் கொடுத்தார். அதைக்கொண்டு அரைமணி நேரக் குறும்படம் ஒன்றை ஜார்முஷ் எடுத்தார். அதற்குக் கிடைத்த வரவேற்பின் பின்னர் மேலும் பணம் சேர்ந்தது. குறும்படம் முதற் பாகமாக அமைய, இன்னும் இரு பாகங்கள் இணைந்து முழுநீளப் படமாயிற்று.

பிலிம் குறைவாக இருந்தால் ஒரே காட்சியைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப எடுக்க முடியாது. இந்தப் படத்தில் ஒவ்வொரு காட்சியும் ஒரே ஷொட். கமரா ஒரிடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. காட்சி முடிந்ததும் திரை சில கணங்கள் கறுப்பாகிவிடுகிறது. பிறகு அடுத்த காட்சி. வறுமையினால் வந்த கட்டுப்பாடு அப்படியே படத்தின் பாணியாகிவிட்டது. அந்தக் கறுப்பு இடைவெளிகள் கவிதையில் இரண்டு பத்திகளுக்கு இடையே விடப்படும் வெற்றிடம் போல வேலை செய்கின்றன. நாம் சிரித்தது ஏன் என்று யோசிக்க அவை நேரம் தருகின்றன.

மூன்று பேர், மூன்று பாகங்கள்

கதை மிக எளிது. வில்லி நியூ யோர்க்கில் ஒரு சிறிய அறையில் வாழ்பவன். ஹங்கேரியிலிருந்து வந்தவன். ஆனால் அதை மறைத்து அமெரிக்கனாகவே நடந்துகொள்கிறான், தாய்மொழியில் பேச மறுக்கிறான். அவனுடைய மாமன் மகளோ சித்தி மகளோ, ஏதோ ஒரு முறையான ஏவா என்ற இளம்பெண் புடாபெஸ்ட்டிலிருந்து வருகிறாள். கிளீவ்லாந்தில் உள்ள லொட்டி மாமியிடம் போகவேண்டியவள். மாமி ஆஸ்பத்திரியில் இருப்பதால் பத்து நாட்கள் வில்லியின் அறையில் தங்குகிறாள். வில்லிக்கு இது தொந்தரவு. அவள் கடையொன்றில் சாமான் திருடிக்கொண்டு வந்ததும்தான் அவளில் அவனுக்கு மதிப்பு உண்டாகிறது! பிரியும்போது அவளுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுக்கிறான். அவள் தெருவில் அதைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டுவிட்டுப் போகிறாள். வில்லியின் நண்பன் எடி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறான்.

இரண்டாம் பாகம் ஒரு வருடத்தின் பின். வில்லியும் எடியும் சீட்டாட்டத்தில் ஏமாற்றி ஏறத்தாழ 600 டொலர் வெல்கிறார்கள். கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு ஏவாவைப் பார்க்கக் கிளீவ்லாந்து போகிறார்கள். கடும் குளிர். ஊரின் புகழ்பெற்ற ஏரியைக் காட்ட அவள் கூட்டிப்போகிறாள். வெண்பனியும் மூடுபனியும் தவிர அங்கு ஒன்றும் தெரியவில்லை. மூவரும் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சி படத்தில் என் மனதில் மிகவும் பதிந்தது. புதிய இடத்துக்கு வந்தும் எல்லாம் பழைய இடம் போலவே இருக்கிறதே என்பது எடியின் கவலை.

மூன்றாம் பாகத்துக்குப் 'பரடைஸ்', அதாவது சொர்க்கம் என்று பெயர். மூவரும் புளோரிடா போகிறார்கள். ஆண்கள் இருவரும் ஏவாவை விடுதியில் விட்டுவிட்டு நாய்ப் பந்தயத்துக்குப் போய்க் கைப்பணத்தை ஏறக்குறைய முழுவதும் தோற்கிறார்கள். மீட்பதற்காகக் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறார்கள். இதற்கிடையில் அகன்ற தொப்பி ஒன்றை அணிந்து கடற்கரையில் நடந்துகொண்டிருந்த ஏவாவை, யாரோ ஒருவன் வேறொருத்தி என்று எண்ணி அவளிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். போதைப்பொருள் வியாபாரத்தின் பணம். தொப்பி ஒன்றால் வந்த அதிர்ஷ்டம்!

அவள் ஒரு பங்கையும் ஒரு குறிப்பையும் அறையில் வைத்துவிட்டு விமான நிலையம் போகிறாள். அன்றைக்கு ஐரோப்பாவுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு விமானம். அது போவது புடாபெஸ்ட்டுக்கு. எந்த ஊரைவிட்டு வந்தாளோ அதே ஊர்! ஆண்கள் குதிரைப் பந்தயத்தில் வென்று திரும்பிவருகிறார்கள். குறிப்பைக் கண்டு விமான நிலையத்துக்கு ஓடுகிறார்கள். ஏவா விமானத்துக்குள் இருப்பாள் என்று எண்ணி, அவளை இறக்கிக்கொண்டு வர வில்லி ஒரு டிக்கட் வாங்கி உள்ளே போகிறான். விமானம் புறப்பட்டுவிடுகிறது. எடி தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போகிறான். ஏவா விமானம் ஏறவே இல்லை. வெறுமையான விடுதி அறைக்குத் திரும்பிவந்து தனியே அமர்கிறாள். படம் முடிகிறது.

கணக்குப் பாருங்கள். மூவருக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. இருவர் பந்தயத்தில் வென்றார்கள், ஒருத்திக்குப் பணம் கையிலேயே வந்து விழுந்தது. பணம் வந்த அதே நாளில் ஒருவரையொருவர் இழந்துவிட்டார்கள். ஹங்கேரியன் என்று சொல்லிக்கொள்ள விரும்பாதவன் ஹங்கேரிக்குப் பறக்கிறான். இதைச் சொல்லும்போது துயரக்கதை போலிருக்கிறது. பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்தபின் மனம் கனக்கிறது.

1984இல் கான் திரைப்பட விழாவில் முதல் படைப்புகளுக்கு வழங்கப்படும் 'கமரா டோர்' பரிசு இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தைப் பரிசையும் பெற்றது.

ஒரே இரவு, மூன்று அறைகள்

இரண்டாவது படம் 1989இல் வந்த 'மிஸ்ரறி ட்ரெயின்'. இது வண்ணப்படம். யப்பானிய நிறுவனம் ஒன்றின் பணத்தில் எடுக்கப்பட்டது. முன்னையதைவிடப் பலமடங்கு செலவானாலும் ஹொலிவூட் கணக்கில் இதுவும் சிறிய படமே. அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த கலைப் பங்களிப்புக்கான பரிசைப் பெற்றது.

இதில் மூன்று கதைகள் பின்னப்பட்டிருக்கின்றன. இடம் மெம்பிஸ் நகரம். எல்விஸ் பிரஸ்லியின் ஊர். மூன்று கதைகளும் ஒரே இரவில், ஒரே மலிவான ஹோட்டலில் சந்திக்கின்றன. சந்திக்கின்றன என்று சொன்னேன். உண்மையில் அதன் பாத்திரங்கள் ஒருவரையொருவர் ஏறத்தாழச் சந்திப்பதே இல்லை.

முதற்கதையில் யொக்கஹாமாவிலிருந்து வந்த இளம் யப்பானியக் காதலர் இருவர். அவளுக்கு எல்விஸ் தெய்வம். அவனுக்குக் கார்ல் பேர்கின்ஸ்தான் பெரியவர். தலயாத்திரை போல ஒலிப்பதிவு நிலையத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இரண்டாவது கதையில் லுயிசா என்ற இத்தாலியப் பெண். இறந்த கணவனின் சவப்பெட்டியுடன் ரோமுக்குத் திரும்பும் வழியில் ஓர் இரவு அகப்பட்டுக்கொள்கிறாள். பத்திரிகை விற்பவன் அவளிடம் கட்டுக்கட்டாகச் சஞ்சிகைகளை விற்றுவிடுகிறான். உணவுச்சாலையில் ஒருவன், எல்விஸின் ஆவி தன் காரில் ஏறிவந்ததாக ஒரு கதை சொல்லிப் பணம் பறிக்கிறான். ஹோட்டலில் டீ டீ என்ற பெண்ணுடன் அறையைப் பகிர்ந்துகொள்கிறாள். டீ டீ தன் ஆங்கிலேயக் காதலனைவிட்டுப் பிரிந்து வந்தவள். மூன்றாவது கதை அந்தக் காதலனுடையது. வேலையும் காதலியும் ஒருங்கே போய்விட்ட அவன் குடித்துவிட்டு ஒரு மதுக்கடைக்காரரைச் சுட்டுவிடுகிறான். தன்னுடன் இருந்த இருவரோடும் ஒளிய வரும் இடம் அதே ஹோட்டல். அந்த இருவரில் ஒருவன் டீ டீயின் சகோதரன்.

மூன்று கதைகளையும் இணைப்பவை மூன்று ஒலிகள். மேலே ஓடும் புகைவண்டியின் சத்தம், நள்ளிரவு தாண்டி வானொலியில் வரும் எல்விஸின் பாடல் ஒன்று, விடிந்தபின் கேட்கும் ஒரு துப்பாக்கிச் சூடு. முதற்கதையில் அந்தச் சூட்டைக் கேட்கிறோம், என்னவென்று தெரியாது. இரண்டாவதிலும் கேட்கிறோம். மூன்றாவதில்தான் நடந்ததைக் காண்கிறோம். காதலன் தன்னையே சுடப் போகிறான், டீ டீயின் சகோதரன் தடுக்கப் போகிறான், குண்டு தடுத்தவனின் காலில் பாய்கிறது! வானொலியில் பேசுபவனாகிய எனக்கு அந்தப் பாடல் வரும் இடம் தனியாகவே பிடித்திருந்தது. ஒரே ஒலிபரப்பை மூன்று கதைகளிலும் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், மற்றவர் கேட்பது எவருக்கும் தெரியாது. நேயர்களாகிய உங்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். காதலனும் சகோதரனும் ஓர் அறையில். அவர்கள் இழந்த டீ டீ அதே கட்டடத்தில் இன்னோர் அறையில். இது பெரிய தற்செயல். நமக்கு வழக்கமான வணிகப் படமாக இருந்தால் விடியற்காலையில் மாடிப்படியில் அவர்கள் சந்தித்திருப்பார்கள், கண்ணீர் வடித்திருப்பார்கள், கதை சுபமாக முடிந்திருக்கும். ஜார்முஷ் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் இறுதிவரை அறிவதே இல்லை. டீ டீ ரயில் ஏறிப் போய்விடுகிறாள். தற்செயல் இருக்கிறது, ஆனால் அதைக் கதை தன் வசதிக்குப் பயன்படுத்தவில்லை. அது பார்வையாளருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றாக நின்றுவிடுகிறது. "அட, ஒரு கதவு தள்ளித்தானே!" என்று நாம்தான் தவிக்கிறோம்.

இந்த அமைப்புக்குச் சோசரின் கன்டர்பரிக் கதைகள் ஒரு தூண்டுதல் என்று ஜார்முஷ் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இலக்கியம் படித்தவர் அல்லவா! சோசரின் யாத்திரிகர்கள் ஒரே சத்திரத்தில் கூடி ஒருவருக்கொருவர் கதை சொல்கிறார்கள். ஜார்முஷின் யாத்திரிகர்களும் ஒரே சத்திரத்தில் தங்குகிறார்கள். ஆனால் ஒருவரின் கதை மற்றவரை எட்டுவதில்லை. ஆறு நூற்றாண்டுகளில் சத்திரம் அவ்வளவு மாறிவிட்டது.

இரு படங்களுக்கும் இடையே ஒரு சிறிய பாலமும் உண்டு. முதற்படத்தில் ஏவா ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்கும் பாடலைப் பாடியவர் ஸ்கிரீமின் ஜே ஹோக்கின்ஸ். இரண்டாவது படத்தில் அவரே சிவப்பு உடையணிந்து ஹோட்டலின் இரவு எழுதுவினைஞராக அமர்ந்திருக்கிறார்.

வேறு இரு படங்கள்

தற்செயலை ஆராய்ந்த வேறு நெறியாளர்களும் உள்ளனர். போலந்து நெறியாளர் கீஸ்லொவ்ஸ்கியின் 'பிளைன்ட் சான்ஸ்' 1981இல் எடுக்கப்பட்டுத் தடைக்குள்ளாகி 1987இல் வெளியானது. ஓர் இளைஞன் புறப்படும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். பிடித்தால் ஒரு வாழ்க்கை, பிடிக்காவிட்டால் வேறு வாழ்க்கை என மூன்று விதமாக அவன் விதியைப் படம் காட்டுகிறது. ஜேர்மானியரான டொம் டிக்வரின் 'ரன் லோலா ரன்' 1998இல் வந்தது. இருபது நிமிடங்களில் ஒரு இலட்சம் மார்க் தேடவேண்டிய பெண் மூன்று முறை ஓடுகிறாள். ஒவ்வொரு முறையும் சில விநாடி வித்தியாசம் முடிவை மாற்றிவிடுகிறது.

இவை "அப்படி நடந்திருந்தால்?" என்ற கேள்வியைக் கேட்கும் படங்கள். ஜார்முஷ் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நடந்தது நடந்துவிட்டது, அதன் பிறகு இந்த மனிதர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், எப்படிச் சிகரட் பற்றவைக்கிறார்கள் என்பதையே பார்க்கிறார். இவருடைய ஆர்வம் அதிர்ஷ்டத்தில் அல்ல, அதிர்ஷ்டத்தின் கீழ் அகப்பட்ட மனிதரில் என்பது எனது அபிப்பிராயம்.

கற்றுக்கொண்டது

இவ்விரு படங்களிலிருந்தும் எழுதுபவர்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டு விஷயங்களைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று, தற்செயல் கதையை முடித்துவைக்குமானால் வாசகன் ஏமாற்றப்பட்டதாக உணர்வான். அதுவே கதையைத் தொடக்கிவைத்தால், அல்லது புதிய சிக்கலை உண்டாக்கினால், அவன் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்வான். ஏவாவின் கைக்குப் பணம் வந்ததை நாம் கேள்வி கேட்பதில்லை. ஏனெனில் அந்தப் பணம் எவருடைய பிரச்சினையையும் தீர்க்கவில்லை.

இரண்டு, தற்செயலைச் சந்திக்கும் மனிதரின் குணம் கதையில் தெரியவேண்டும். ஏவா பணத்தில் ஒரு பங்கை வைத்துவிட்டுப் போனாள். வில்லி யோசிக்காமல் விமானத்துக்குள் ஓடினான். பணம் வந்தது அதிர்ஷ்டம், பங்கு வைத்தது அவள். விமானம் புறப்பட்டது தற்செயல், உள்ளே ஓடியது அவன். கதை இருப்பது இந்த இரண்டாவது பாதியில்தான்.

இனி அந்த இளைஞரிடம் திரும்பிவருகிறேன். என் விதியைக் கேட்டபின் அவர் படலையடியில் நின்று சொன்னது இது:

"அதுக்குப் பிறகு அம்மா மாசத்தில ஒருநாள் அதே பஸ்ஸில போய்வருவா, ஐயா. அந்தப் பெரியவரைத் தேடி. அப்பா ஒருத்தருக்கும் கடன் குடுக்கிற நிலையில ஒருநாளும் இருக்கேல்லை எண்டு அம்மாவுக்குத் தெரியும்."

அன்று நான் இதைக் காதால் மட்டுமே கேட்டேன். வழியனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன். பல வருடங்களின் பின், லுயிசாவிடம் கதை சொல்லிப் பணம் பறிக்கும் அந்த மனிதனைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. மெம்பிஸில் ஒருவன் பணம் பறிப்பதற்காக ஒரு கதை கட்டினான். நமது பஸ்ஸில் ஒரு பெரியவர் பணம் கொடுப்பதற்காக ஒரு கதை கட்டியிருக்கிறார். கையை நீட்டி வாங்க அந்தத் தாய் கூசுவாள் என்பதை உணர்ந்து, அவளுடைய கணவரைக் கடன்கொடுத்தவராக உயர்த்தி, அவர் பெயரிலேயே அந்தப் பணத்தைத் தந்திருக்கிறார். நான் "நம்பமுடியவில்லை" என்று எழுதியது சரிதான். அந்தத் தாயும் நம்பவில்லை. நம்பாமலே வாங்கிக்கொண்டாள், மகனைப் படிக்கவைத்தாள், பிறகு அந்த மனிதரைத் தேடி மாதந்தோறும் பஸ் ஏறினாள்.

அந்த இளைஞரின் கதையில் இருந்த குறை தற்செயல் அல்ல. பணம் கைமாறிய இடத்தில் அவர் கதையை நிறுத்திவிட்டார் என்பதுதான் குறை. அந்த இடத்தில் அவர் தொடங்கியிருக்கவேண்டும். அவரிடம் உண்மையான கதை இருந்தது. அதை என் வீட்டுப் படலையில் நின்று இரண்டு வசனத்தில் சொல்லவும் செய்தார். "தம்பி, இதைத்தான் எழுதவேணும்" என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. நடுவராக இருந்தவனுக்கு விதி தெரிந்திருந்தது, கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

வானொலிப் பேச்சும் ஒருவகையில் அதிர்ஷ்டத்தை நம்பிச் செய்யும் காரியம்தான். யார் எந்த அறையில் இருந்து கேட்கிறார்கள் என்பது பேசுபவனுக்குத் தெரியாது. அந்த இளைஞர், இப்போது இளைஞராக இருக்கமாட்டார், இதைக் கேட்டுக்கொண்டிருந்தாலோ, பத்திரிகையில் பின்னர் வாசித்தாலோ, அவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்தக் கதையை மீண்டும் எழுதுங்கள். பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்.

மற்ற நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்விரு படங்களும் கிடைத்தால் அவசரமின்றிப் பாருங்கள். பெரிய சம்பவங்களை எதிர்பார்க்கவேண்டாம். கறுப்புத் திரை வரும்போது சற்றுப் பொறுத்திருங்கள்.